சர்ஃபேஸ் ப்ரோ 4: புதுப்பிப்புக்குப் பின் வரும் உறக்கச் சிக்கலும் விசைப்பலகைச் சிக்கலும்

சர்ஃபேஸ் ப்ரோ 4, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015 அக்டோபர் 6 அன்று அறிவித்து, அதே மாதம் 26ஆம் தேதி விற்பனைக்குக் கொண்டுவந்த டேப்லெட் கணினி. 12.3 அங்குலத் தொடுதிரையும் இன்டெலின் ஆறாம் தலைமுறை ஸ்கைலேக் செயலியும் கொண்டது. விண்டோஸ் 10 நிறுவப்பட்டு வந்தது. ‘டைப் கவர்’ எனப்படும் மெல்லிய விசைப்பலகை தனியாக விற்கப்பட்டது. அது காந்தத்தால் டேப்லெட்டின் கீழ்விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். மூடினால் கணினி உறங்கும், திறந்தால் விழிக்கும்.

இந்தக் கணினியிலும் இதனுடன் வெளிவந்த சர்ஃபேஸ் புக்கிலும் தோன்றிய உறக்கக் கோளாறு, டேப்லெட் வரலாற்றில் அதிகம் பேசப்பட்ட கோளாறுகளில் ஒன்று. இரவில் நிறைய சார்ஜோடு மூடி வைத்த கருவி காலையில் பேட்டரி வற்றிக் கிடக்கும். பைக்குள் வைத்ததை வெளியே எடுத்தால் கை பொறுக்காத சூடு இருக்கும். உறங்கிய கணினி விழிக்க மறுக்கும். விழித்தாலும் விசைப்பலகை வேலை செய்யாது. உறக்கமும் விசைப்பலகையும் தனித்தனிக் கோளாறுகள் போலத் தெரிந்தாலும் பல நேரம் மூலம் ஒன்றுதான். ஒவ்வொரு பாகமும் மின்சாரத்தை விட்டுக்கொடுத்து, பிறகு சரியான வரிசையில் திரும்ப எழ வேண்டும். அந்த ஒழுங்கை நடத்துபவை டிரைவர்களும் ஃபர்ம்வேரும். மென்பொருள் புதுப்பிப்பு மாற்றி எழுதுவதும் இவற்றைத்தான்.

உறக்கம் நடக்கும் விதம்

கணினியின் மின்நிலைகளை வகுக்கும் ஏசிபிஐ தரநிலையை இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகியவை சேர்ந்து 1996 டிசம்பரில் வெளியிட்டன. அதில் எஸ்3 எனப்படும் நிலையே பழைய லேப்டாப்களின் உறக்கம். செயலி அணைந்துவிடும், நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் போகும். மூடியைத் திறக்கும்வரை கணினிக்குள் எந்த நிரலும் ஓடாது.

கைப்பேசி அப்படி உறங்குவதில்லை. திரை அணைந்தபின்னும் அஞ்சல் வரும், அழைப்பு ஒலிக்கும். அதே வசதியைக் கணினிக்கும் தர, 2012இல் விண்டோஸ் 8 ‘கனெக்டட் ஸ்டாண்ட்பை’ என்ற முறையைக் கொண்டுவந்தது. விண்டோஸ் 10இல் அது ‘மாடர்ன் ஸ்டாண்ட்பை’ என விரிந்தது. இதில் கணினி எஸ்3க்குப் போவதே இல்லை. கணக்குப்படி அது விழிப்பு நிலையாகிய எஸ்0இலேயே இருக்கிறது. திரை மட்டும் அணைந்து, செயலி தன்னால் இயன்ற ஆழத்துக்கு இறங்கிக்கொள்கிறது. தேவைப்படும்போது சில கணங்கள் எழுந்து வேலை முடித்து மறுபடி இறங்கும்.

சிக்கலின் வேர் இங்கே இருக்கிறது. செயலி ஆழ்நிலைக்கு இறங்க வேண்டுமானால் வைஃபை, கேமரா, சேமிப்பகம், தொடுதிரை, யூஎஸ்பி என எல்லாப் பாகங்களும் முதலில் ஒதுங்க வேண்டும். ஒரே ஒரு டிரைவர் தன் பாகத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாலும் மொத்தக் கணினியும் மேல்நிலையிலேயே நின்றுவிடும். திரை இருண்டிருப்பதால் பயன்படுத்துபவருக்கு எதுவும் தெரியாது. பேட்டரி குறைந்தபடி இருக்கும், சூடு ஏறும்.

2015–16 நிகழ்வுகள்

ஸ்கைலேக் அப்போது புதிய செயலி, விண்டோஸ் 10 வெளிவந்து மூன்று மாதமே ஆகியிருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று பழகுமுன்பே கருவிகள் கடைக்கு வந்துவிட்டன. திரை டிரைவர் நின்றுபோய் மீண்டது என்ற அறிவிப்பு அடிக்கடி வந்தது. செயலி எட்டக்கூடிய மிக ஆழமான உறக்கநிலை விற்பனையின்போது பயன்படுத்தப்படவில்லை என்பதையும், அதற்கான திருத்தம் புத்தாண்டில்தான் வரும் என்பதையும் 2015 இறுதியில் மைக்ரோசாஃப்ட் தரப்பே ஒப்புக்கொண்டது. விலையுயர்ந்த கருவியை வாங்கியவர்கள், அதன் அடிப்படை வேலை ஒன்றுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது நியாயமில்லை.

மின்மேலாண்மையைச் சீராக்கும் ஃபர்ம்வேர், டிரைவர் தொகுப்பு 2016 பிப்ரவரி 17 அன்று வெளியானது. மைக்ரோசாஃப்ட் வாடிக்கையாளர்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. அதன்பின் பல புகார்கள் தணிந்தன. ஆனால் புதுப்பிப்பால் சரியான ஒன்று இன்னொரு புதுப்பிப்பால் மறுபடி கெடலாம் என்பதால் அதன் பிறகும் கீழ்க்காணும் சோதனைகளுக்குத் தேவை இருந்தது.

உறக்கச் சிக்கலைக் கண்டறிதல்

விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவுவது பலரும் எடுக்கும் முதல் அடி. அதைக் கடைசிக்குத் தள்ளிவைப்பதே நல்லது. அதே புதுப்பிப்பு மறுபடி இறங்கினால் அதே கோளாறு திரும்பும், இதற்கிடையில் காரணம் காட்டக்கூடிய பதிவுகளும் அழிந்துபோயிருக்கும். முதலில் அளந்து பார்க்க வேண்டும். அதற்கான கருவி விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது.

நிர்வாகி உரிமையுடன் கட்டளைத் திரையைத் திறந்து ‘பவர்சிஎஃப்ஜி’ கட்டளையை ‘/ஸ்லீப்ஸ்டடி’ என்ற சொல்லுடன் இயக்கினால், உலாவியில் திறக்கக்கூடிய ஓர் அறிக்கை உருவாகும். விண்டோஸ் 8.1 முதல் இந்த வசதி உண்டு. இயல்பாகக் கடந்த மூன்று நாள்களின் ஒவ்வோர் உறக்கமும் அதில் தனித்தனியே வரும்: எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, எவ்வளவு சார்ஜ் குறைந்தது, அந்த நேரத்தில் எத்தனை விழுக்காடு ஆழ்நிலையில் கழிந்தது. ஆழ்நிலை விழுக்காட்டை மென்பொருளுக்கு ஒன்று, வன்பொருளுக்கு ஒன்று என இரண்டாகக் காட்டுவது இந்த அறிக்கையின் பெரிய பயன். மென்பொருள் விழுக்காடு உயர்ந்தும் வன்பொருள் விழுக்காடு தாழ்ந்தும் இருந்தால், நிரல்களை நீக்கிப் பயனில்லை. டிரைவரிலோ ஃபர்ம்வேரிலோ கோளாறு. இரண்டுமே தாழ்ந்திருந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு நிரலோ பின்னணிச் சேவையோ கணினியை எழுப்பிக்கொண்டிருக்கிறது. ஒவ்வோர் உறக்கத்துக்கும் கீழே, அதிக நேரம் விழித்திருந்த பாகங்களின் பெயர்களும் வரிசையாக இருக்கும்.

இன்னும் சில கட்டளைகள் உதவும். ‘/ஏ’ சேர்த்தால் கணினி எந்தெந்த உறக்கநிலைகளை ஏற்கிறது என்று தெரியும். சர்ஃபேஸ் ப்ரோ 4இல் எஸ்3 இல்லை என்பதை இங்கே நேரடியாகப் பார்க்கலாம். ‘/ரிக்வெஸ்ட்ஸ்’ இந்தக் கணத்தில் உறக்கத்தைத் தடுப்பவற்றைச் சொல்லும். ‘/லாஸ்ட்வேக்’ கடைசியாக எழுப்பியது எது என்று சொல்லும்.

குற்றவாளி வைஃபை என்றால் உறக்கத்தின்போது பிணையத்தைத் துண்டிக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுக்கலாம். காரணம் தெரியாத நிலையில், சரியான திருத்தம் வரும்வரை மூடியதும் ஹைபர்னேட் ஆகும்படி அமைப்பதே பாதுகாப்பானது. நினைவகத்தில் உள்ளதெல்லாம் சேமிப்பகத்தில் எழுதப்பட்டு மின்சாரம் முழுவதுமாக நிற்கும். எழ இன்னும் சில நொடி கூடும், ஆனால் பைக்குள் சூடாகாது. இந்தக் கருவியைப் பயணத்தில் எடுத்துச் செல்பவர்களுக்கு இது நிரந்தர ஏற்பாடாகவே இருக்கலாம்.

விசைப்பலகைச் சிக்கல்

டைப் கவர் வெளிப்பார்வைக்கு மூடி போல இருந்தாலும் விண்டோஸுக்கு அது ஒரு யூஎஸ்பி சாதனம். உறக்கத்தில் அதன் மின்சாரமும் குறைக்கப்படுகிறது. விழிக்கும்போது அது மறுபடி அடையாளம் காணப்பட வேண்டும். அந்த இடத்தில் தடுக்கினால் விசைகளும் டச்பேடும் சேர்ந்தே செத்துப்போகும். கழற்றி மாட்டினால் சரியாவது இதனால்தான்: சாதனம் புதிதாக வந்ததாக எண்ணி விண்டோஸ் மறுபடி அறிமுகம் செய்துகொள்கிறது. மாட்டுமுன் தொடர்பு முனைகளை உலர்ந்த மென்துணியால் துடைப்பது நல்லது. கவர் பின்பக்கம் மடிக்கப்பட்டிருந்தால் விசைகள் வேலை செய்யாது என்பது கோளாறு அல்ல, வடிவமைப்பு.

அதற்கும் மசியாவிட்டால், சிக்கல் வன்பொருளிலா மென்பொருளிலா என்று பிரித்தறிய ஒரு தெளிவான வழி உண்டு. கணினியை அணைத்து, ஒலி கூட்டும் பொத்தானை அழுத்தியபடியே மின்பொத்தானை ஒருமுறை அழுத்தி விட வேண்டும். விண்டோஸுக்கு முந்தைய யூஇஎஃப்ஐ திரை வரும். அங்கே விண்டோஸ் டிரைவர் எதுவும் இயங்குவதில்லை. ஆகவே அங்கு விசைப்பலகை வேலை செய்தால் கவர் நலமாக இருக்கிறது, கோளாறு விண்டோஸில். அங்கும் வேலை செய்யாவிட்டால் வேறொரு கவரை மாட்டிப் பார்ப்பதே அடுத்த படி. புதிய கவருக்குப் பணம் செலவழிக்குமுன் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும்.

கோளாறு விண்டோஸில் என்றால், தொடுதிரை வழியே டிவைஸ் மேனேஜரைத் திறந்து சர்ஃபேஸ் டைப் கவர் எனப் பெயர் கொண்ட சாதனங்களை நீக்கி மறுதொடக்கம் செய்யலாம். விண்டோஸ் அவற்றைத் தானே திரும்ப நிறுவிக்கொள்ளும். இதற்கும் உறக்கத்திலிருந்து எழாத நிலைக்கும் பொதுவான மருந்து, முழு அணைப்பு. மின்பொத்தானை 30 நொடி அழுத்தி விட்டு, பிறகு ஒலி கூட்டும் பொத்தானையும் மின்பொத்தானையும் சேர்த்துக் குறைந்தது 15 நொடி அழுத்த வேண்டும். இடையில் சின்னம் மின்னினாலும் கையை எடுக்கக் கூடாது. 10 நொடி கழித்து இயக்கலாம்.

திரும்பிச் செல்வதன் எல்லை

விண்டோஸின் பெரிய பதிப்பேற்றம் ஒன்றிலிருந்து பழைய பதிப்புக்குத் திரும்ப இயல்பாகப் பத்து நாள் அவகாசம் உண்டு. தனி டிரைவரையும் டிவைஸ் மேனேஜரில் முந்தைய பதிப்புக்குத் திருப்பலாம். சர்ஃபேஸ் ஃபர்ம்வேருக்கு இந்த வழி இல்லை. ஏறியபின் இறக்க முடியாது. அடுத்த ஃபர்ம்வேர் வந்தால்தான் மாற்றம். ஆகவே ஃபர்ம்வேர் புதுப்பிப்பின்போது பேட்டரியில் 40 விழுக்காட்டுக்கு மேல் சார்ஜ் இருப்பதும், கருவி மின்இணைப்பில் இருப்பதும், பாதியில் அணைக்காமல் இருப்பதும் முக்கியம்.

ஆறாம் தலைமுறைச் செயலிகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. ஆகவே சர்ஃபேஸ் ப்ரோ 4இன் மீதமுள்ள உறக்கக் குறைகளுக்குப் புதிய திருத்தம் எதிர்பார்ப்பதற்கில்லை. ஹைபர்னேட் ஏற்பாடே அதற்குக் கடைசிப் புகலிடம்.

புதுப்பிப்பால் விசைப்பலகை சார்ந்த கோளாறு பிற கருவிகளிலும் வந்துகொண்டே இருக்கிறது. 2018 அக்டோபரில் எச்பி கணினிகள் சிலவற்றில், விசைப்பலகைக்கான வடிகட்டி டிரைவர் ஒன்று புதிய விண்டோஸ் புதுப்பிப்போடு ஒத்துப்போகாததால் கணினி நீலத்திரையில் நின்றுவிட்டது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 11க்கு வந்த கேபி5066835 புதுப்பிப்போ, மீட்புச் சூழலுக்குள் யூஎஸ்பி விசைப்பலகையையும் மவுஸையும் முடக்கியது. கணினி கெட்டால் சரிசெய்யப் போகும் இடத்திலேயே கை கட்டப்பட்ட நிலை அது. தொடுதிரை உள்ள கருவிகளில் விரலால் வேலையை முடிக்க முடிந்தது. ஆறு நாளில், மாத அட்டவணைக்குக் காத்திராமல், கேபி5070773 என்ற அவசரத் திருத்தம் வெளியிடப்பட்டது.