மார்கழிப் பனியில் பூத்த நெயில் பாலிஷ்

இந்த எபிசோட் நெயில் பாலிஷ் பத்தி. "உனக்கும் அதுக்கும் என்னடா சம்பந்தம்"னு கேக்கறவங்க கொஞ்சம் பொறுங்க, நடுவுல லாரி வரும்.

எங்க பெரியப்பா வீடு மல்லசமுத்திரம். அரையாண்டு லீவுன்னா அங்கதான். பெரியப்பா திருச்செங்கோடு பக்கம் லாரிக்குப் பாடி கட்டுற பட்டறையில பெயிண்டர். ஒரு மார்கழி விடியக்காலை, அக்கா திண்ணையில உக்காந்து நகத்துக்குக் கருநீலம் பூசி, மேல வெள்ளி மினுமினுப்பு வெச்சா. பனிக்கால டிசைனாம். கொஞ்ச நேரத்துல நீலம் சாம்பல் தட்டின மாதிரி மங்கிடுச்சு. பெரியப்பா எட்டிப் பார்த்தார். "பனியில அடிச்சா பூக்கத்தான் கண்ணு செய்யும். வெயில் ஏறட்டும். லாரிக்கும் அப்படித்தான்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லலைன்னு எனக்குப் புரிய பத்து வருஷம் ஆச்சு. ரெண்டும் ஒரே குடும்பத்துச் சரக்கு.

1846-ல் ஷோன்பைன் என்ற வேதியியலாளர் பஞ்சை நைட்ரிக், சல்ஃப்யூரிக் அமிலங்களில் நனைத்து நைட்ரோசெல்லுலோஸ் செய்தார். அது வெடிமருந்து. முதல் உலகப் போர் முடிஞ்சதும் அதைச் செஞ்ச கம்பெனிகளுக்கு வேற வேலை தேவைப்பட்டது. 1923-ல் ட்யூபாண்ட் அதையே கரைத்து 'டூக்கோ' என்ற கார் பெயிண்ட் ஆக்கியது. வாரக்கணக்கில் காய்ந்த பெயிண்ட் மணிக்கணக்கில் காய ஆரம்பிச்சது. நம்ம ஊர்ல இன்னிக்கும் ஸ்ப்ரே பெயிண்டுக்கு 'டூக்கோ'ன்னு சொல்றவங்க உண்டு. நகத்துக்கும் அதே சரக்கு வந்தது. 1932-ல் தொடங்கின ரெவ்லான், கண்ணாடி மாதிரி தெரியற சாயத்துக்குப் பதிலா அழுத்தமான நிறமி கலந்து வித்தது. இந்தியாவுல 1952-ல் டாட்டா குழுமம் லாக்மேவை ஆரம்பிச்சது.

சரி, பூக்கறது ஏன்? நெயில் பாலிஷ் காயும்போது அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் பறக்குது, மிஞ்சற படலம்தான் நிறம். ஆவியாகும்போது மேல்பரப்பு குளிரும். ஈரக்காத்து அதுமேல நீராப் படியும், படலம் வெளுக்கும். தடிமனா பூசினா இன்னொரு தொல்லை: மேல்தோல் முதல்ல காஞ்சு, உள்ள மாட்டின ஆவி குமிழியா கிளம்பும். அதனாலதான் மெல்லிசா, பல கோட். லாரிக்கு பிரைமர், கலர், வார்னிஷ். நகத்துக்கு பேஸ், கலர், டாப். பெயர்தான் வேற.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. தின்னரில் இருக்கற டொலுயீன் நெயில் பாலிஷிலும் ரொம்ப காலம் இருந்தது. வாங்கறவங்க கேள்வி கேட்டாங்க, பல பிராண்டுகள் எடுத்துட்டாங்க, இப்போ பாட்டில்லயே 'டொலுயீன் இல்லை'ன்னு போடறாங்க. அக்காவுக்கு அது மாசத்துக்கு நாலு சொட்டு. பெரியப்பா மூஞ்சில துண்டைக் கட்டிக்கிட்டு முப்பது வருஷம் அதை மூச்சா இழுத்தார். அவருக்காக எந்த டப்பாவிலும் யாரும் எதையும் எழுதல. இன்னிக்கு அவருக்குத் தாளிக்கிற வாசம்கூடத் தெரியறதில்ல.

அன்னிக்கு பத்து மணி வெயில்ல அக்கா மறுபடி உக்காந்தா. ஒரு பேஸ், கால்மணி இடைவெளி விட்டு ரெண்டு மெல்லிய நீலம், நுனியில மட்டும் வெள்ளி, மேல டாப் கோட். பளபளன்னு வந்தது. பெரியப்பா அவ விரலைப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் நகத்துல போன வாரத்து லாரியோட சிவப்பு இன்னும் போகல.