மண்மாரியும் நிலநடுக்கமும்

மண்மாரி பொழிந்து உறையூர் அழிந்தது என்னும் கதையை நம் ஊரில் இன்றும் கேட்கிறோம். ஊர் அழிந்தால் ஊராரின் பாவமே காரணம் என்று தீர்ப்பெழுதுவது மனிதருக்கு எளிது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகூரிலும் நாகப்பட்டினத்திலும் மாண்டோரைக் குறித்தும் சிலர் அவ்வாறே பேசினர், நம்மவரும் பேசினர்.

இந்தியாவைச் சுமக்கும் நிலத்தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வடகிழக்காக நகர்கிறது. வடக்கே ஆசியாவை முட்டி இமயத்தை உயர்த்துகிறது. கிழக்கே சுமத்திரா, அந்தமான் ஓரமாக அண்டைத் தட்டின் அடியில் புகுகிறது. நெடுங்காலம் இறுகிக் கிடந்த அவ்விளிம்பு அன்று காலை ஆயிரம் கி.மீ.க்கு மேல் பிளந்து, கடலையே மேலே தள்ளிற்று. அலை நம் கரை சேர இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று, சொல்லத்தான் ஆளில்லை. ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் அமைந்தது 2007இல்தான்.

மலைக்கோட்டைப் பாறையோ மிகப் பழையது. தட்டின் விளிம்புக்கு வெகுதொலைவில் நிற்பது. ஆயினும் உள்நாட்டுப் பழம்பிளவுகளும் அசைவதுண்டு. 1900 பிப்ரவரி 8இல் கோவைப் பகுதியில் தோன்றிய நடுக்கம் தென்னகத்தில் பரவலாக உணரப்பட்டது.

நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் (ரலி) மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. குழந்தையின் மரணமே காரணம் என்றனர் மக்கள். நபியவர்கள் அதை மறுத்தார்கள்; எவருடைய இறப்புக்காகவும் கிரகணம் நிகழ்வதில்லை, அது அல்லாஹ்வின் அத்தாட்சி என்று விளக்கித் தொழுகையில் நின்றார்கள். பூமியின் அதிர்வையும் அத்தாட்சியென்றே நம்புகிறோம். மாண்டவர்மீது பழி சுமத்த அந்த நம்பிக்கையில் இடமேது? நீரில் மூழ்கி இறந்தோரையும் இடிபாட்டில் சிக்கி இறந்தோரையும் ஷஹீதுகளோடு அல்லவா நபியவர்கள் எண்ணினார்கள்!