கூண்டு நிற்கும் இடம் யாருடையது?

நார்த்தாமலை என்ற பெயரில் இருப்பது ஒன்பது குன்றுகள். மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, உவச்சன்மலை, ஆளுருட்டிமலை, பொம்மாடிமலை, மண்மலை, பொன்மலை. ஒன்பதாவது பறையன்மலை. இங்கே வருகிறவர்கள் விஜயாலய சோழீசுவரத்தைப் பார்க்கிறார்கள், சமணர் குடகைப் பார்க்கிறார்கள். கல்வெட்டு படித்தவர்கள் இங்கே செழித்த வணிகக் குழுக்களைப் பற்றிச் சொல்வார்கள். ஒரு குன்றுக்கே பெயர் தந்த மக்கள் எந்த மண்ணில் குடிசை போட்டார்கள், அந்த மண் யார் பெயரில் இருந்தது என்ற கேள்வி மட்டும் அதிகம் காதில் விழுவதில்லை.

அந்தக் கேள்வியை நாம் ஒரு சின்னப் பொருளை வைத்துக் கேட்டுப் பார்ப்போம். கோழிக்கூண்டு.

பத்து நாட்டுக்கோழி வளர்க்க என்ன வேண்டும்? இரவில் அடைய ஒரு கோழிக்கு ஒன்று முதல் ஒன்றரை சதுர அடி. நான்கடி நீளம், மூன்றடி அகலம் இருந்தால் போதும். மழைத்தண்ணீரும் பாம்பும் ஏறாதபடி தரையிலிருந்து இரண்டடி உயரம். உள்ளே உட்கார ஒரு குறுக்குக் கழி, முட்டையிட ஓர் இருட்டு மூலை, கீரியும் மரநாயும் நுழையாத கம்பிவலை. வெயில் நேராக உள்ளே அடிக்காமல் நீளப்பக்கம் கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். செம்புறாங்கல்லும் உடைகல்லும் இருக்கிற மாவட்டத்தில் இது பெரிய செலவில்லை. வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசியை மட்டும் தவறாமல் போட்டுவிட்டால், வருடத்தில் நாலு சேவல் விற்று ஒரு பிள்ளையின் நோட்டுப் புத்தகச் செலவைப் பார்த்துவிடலாம்.

அப்படியிருந்தும் நம் சேரிகளில் பல வீடுகளில் கூண்டு கிடையாது, பஞ்சாரம்தான் இருக்கிறது. பஞ்சாரத்தைத் தூக்கிக்கொண்டு போகலாம். கல் வைத்துக் கட்டிய கூண்டு மண்ணில் ஊன்றி நிற்கிறது. ஊன்றினால் "யாரைக் கேட்டுக் கட்டினாய்?" என்று ஒருவர் வந்து கேட்பார். இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு.

கோழி எப்போதும் இழிந்த பறவையாக இருந்ததில்லை. சோழர் தலைநகர் உறையூருக்கே கோழி என்று ஒரு பெயர். காஞ்சிபுரம் பக்கம் இந்தளூரிலும் விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்திலும் சண்டைச் சேவல்களுக்கு நடுகல் நட்டு வட்டெழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒன்றில் கீழ்ச்சேரி வருகிறது, மற்றதில் மேற்சேரி வருகிறது. அந்தச் சேரியை இன்றைய பொருளில் வாசிக்கக் கூடாது. அன்று அது ஊரின் ஒரு பகுதி, அவ்வளவுதான். சேரி என்ற சொல் எப்போது தீண்டாமையின் எல்லைக்கோடாக மாறியது என்று கேட்பதே ஒரு வரலாற்று வேலை.

மனுவின் நூல் வேறு உலகம். இருபிறப்பாளன் ஊர்க்கோழியைத் தெரிந்து தின்றால் சாதியிலிருந்து விழுவான் என்கிறது ஐந்தாம் அத்தியாயம். மூன்றாம் அத்தியாயம் இன்னும் வெளிப்படையானது. பிராமணர் சாப்பிடும்போது யார் யார் பார்க்கக் கூடாது என்று ஒரு பட்டியல் போடுகிறது: சண்டாளர், பன்றி, சேவல், நாய், மாதவிலக்கான பெண். சேவலின் சிறகுக் காற்றும் தீட்டு. நம்மையும் கோழியையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தவர்கள் அவர்கள். அதே நூலின் பத்தாம் அத்தியாயம் சண்டாளருக்கு அனுமதிக்கும் சொத்து நாயும் கழுதையும். சொத்து சேரவிடாமல் தடுப்பதும் தீட்டு என்று ஒதுக்குவதும் ஒரே சட்டத்தின் இரண்டு கைகள்.

அந்தக் கைகள் நிலத்தின் மீது எப்படி வேலை செய்தன என்பதை 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் அரசுக்கு எழுதிய அறிக்கை காட்டுகிறது. பறையர்கள் குடியிருந்த மனை கூட மிராசுதாரர் பிடியில் இருந்தது. கூலி கேட்டாலோ வேறு வேலைக்குப் போனாலோ குடிசையைக் காலி செய் என்று மிரட்ட முடியும். குடிசைக்கே இந்த நிலை என்றால் கொல்லைக்கும் கூண்டுக்கும் என்ன உறுதி? அடுத்த ஆண்டு, 1892இல், மதராஸ் அரசு ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. நாம் இன்றும் மீட்கப் போராடும் பஞ்சமி நிலத்தின் தொடக்கம் அதுதான்.

இங்கே நார்த்தாமலைக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. இந்தப் பகுதி அப்போது புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது. மதராஸ் மாகாணத்தின் ஆணை சமஸ்தான எல்லையோடு நின்றுவிடும். 1948 மார்ச் 3இல்தான் புதுக்கோட்டை இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. செங்கல்பட்டில் 1892இல் தொடங்கிய கணக்கை அப்படியே எடுத்துவந்து இங்கே போட முடியாது. இந்த மாவட்டத்தில் நிலவரலாறு தேடும் மாணவர்கள் சமஸ்தான ஆவணங்களிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பக்கத்து ராமநாதபுரத்தில் 1930, 1931இல் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர் மீது சுமத்திய தடைகளை ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். தங்க, வெள்ளி நகை போடக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. குடை, செருப்பு கூடாது. பிள்ளைகள் படிக்கக் கூடாது. நிலத்தை வாரத்துக்கோ குத்தகைக்கோ எடுக்கக் கூடாது. சொந்த நிலம் இருந்தால் மிராசுதாரருக்கு மலிவாக விற்றுவிட வேண்டும். இந்தப் பட்டியலில் கோழி இல்லை. அதைத் தனியாகத் தடுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. காலுக்குக் கீழே நிலம் இல்லாதவரின் கோழி எப்படியும் அடுத்தவர் வேலிக்குள்தான் மேய வேண்டும். வேலி தாண்டிய ஒரு கோழிக்காக எத்தனை வசவு, எத்தனை அடி என்பதைச் சேரியில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

1971இல் தமிழ்நாடு குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம் வந்தது. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளருக்கு அந்த மனையின் உரிமையைத் தரும் சட்டம் அது. குடிசை நிற்கும் தரையோடு, அதை வசதியாக அனுபவிக்கத் தேவையான ஒட்டிய இடமும் குடியிருப்பில் சேரும் என்பது அதன் விளக்கம். அந்த ஒட்டிய இடத்துக்கு நம் மொழியில் பெயர் கொல்லை. கூண்டு நிற்கும் இடம் அதுதான். இந்த ஒரு வரியை எத்தனை ஊரில் எத்தனை பேர் கேட்டு வாங்கினார்கள்?

2003இல் வேறொரு திசையிலிருந்து கை நீண்டது. ஆடு, கோழி பலியைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கறாராக நடைமுறைப்படுத்தச் சொன்னது அன்றைய அரசு. குலசாமிக்குச் சேவல் அறுப்பது குற்றமாகிப் போனது. எதிர்ப்பு கிளம்பியது, 2004இல் அந்தச் சட்டமே ரத்தானது. நம் சாமிக்கு எதைப் படைப்பது என்பதையும் மேலேயிருந்து முடிவு செய்யப் பார்த்தார்கள் என்பதை இளையவர்கள் மறக்கக் கூடாது.

இன்றைய நிலை என்ன? அண்மை ஆண்டுகளில் தமிழ்நாடு அரசு 250 நாட்டுக்கோழி கொண்ட பண்ணைக்குப் பாதி மானியம் தருகிறது. அதில் 30 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு. நல்லது. ஆனால் விண்ணப்பிப்பவர் 625 சதுர அடி இடம் காட்ட வேண்டும். காலனியில் கிடைத்த மூன்று சென்ட் என்பது சுமார் 1,300 சதுர அடி. அதில் வீடு, கழிப்பறை, பாதை, கல்யாணமான மகனுக்கு ஒரு கூரை. மிச்சம் எங்கே 625? இடஒதுக்கீடு காகிதத்தில் இருக்கிறது, இடம் தரையில் இல்லை.

இதே புதுக்கோட்டையில்தான் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். குவாரியில் கூலிக்குக் கல் உடைத்த பெண்களின் குழுக்களுக்குக் குவாரிக் குத்தகையும் கிடைத்தது. கூலிக்காரர் கையில் உரிமை வந்தால் என்ன நடக்கும் என்பதை இந்த மாவட்டம் ஒருமுறை பார்த்திருக்கிறது.

ஆகவே கோழி வளர்ப்புப் பயிற்சிக்குப் பெண்களை அழைத்துப்போகும் தோழர்கள் கூடவே ஒரு வேலையைச் செய்யுங்கள். தெருவில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் போய், மனைப்பட்டா இருக்கிறதா, அது யார் பெயரில் இருக்கிறது, பட்டாவில் உள்ள அளவும் தரையில் உள்ள அளவும் ஒன்றுதானா என்று எழுதுங்கள். பட்டாவில் பெண்ணின் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். சிறுபண்ணைக்கு ஊர்ப் புறம்போக்கில் பொதுக் கொட்டகை கேட்டு கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். கால்நடைத் துறைக்கு ஒரு மனு எழுதினால், அன்றே வட்டாட்சியருக்கும் ஒரு மனு போகட்டும்.