இன்சுலின் அளவும் மக்கள் மொழியும்

மருந்தென்னும் அதிகாரத்தில் மருத்துவத்தின் உறுப்புக்களை நான்காகப் பகுத்த திருவள்ளுவர், நோயாளியின் பக்கத்தே நின்று மருந்தூட்டுவானையும் அவற்றுள் ஒருவனாக வைத்தார். அவனுக்கு அவர் இட்ட பெயர் உழைச்செல்வான் என்பது. நோயுற்றவன் வேறு, மருந்தளப்பவன் வேறு என்னும் இம்முறை பன்னூறாண்டுகள் நிலைபெற்றிருந்தது. இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய ஒரு மருந்து இதனை மாற்றியமைத்தது. நாடோறும் தானே அளந்து, தானே தன்னுடலில் ஏற்றிக்கொள்ளவேண்டிய அம்மருந்து இன்சுலின் ஆகும். நோயாளியே உழைச்செல்வானும் ஆயினமையால், மருத்துவர் கூறும் அளவை அவன் எவ்வாறு விளங்கிக்கொள்கின்றான் என்பது உயிர்ப்பிரச்சினையாயிற்று. அவ்விளக்கத்தின் வரலாற்றினையும், மன்னார்த் தீவிலும் அதனையடுத்த கரையிலும் அது பெறும் பொருத்தத்தினையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈழநாட்டார் சலரோகம் எனவும், பேச்சு வழக்கிற் சீனி வருத்தம் எனவும் கூறும் நீரிழிவு, 1921ஆம் ஆண்டுக்கு முன்னர் இளம் வயதினர்க்குக் கூற்றாகவே இருந்தது. உணவைக் குறைத்துப் பட்டினியிடுதலன்றி வேறு வழியறியாது மருத்துவர் தவித்தனர். அவ்வாண்டிற் கனடாவின் ரொறன்ரோ நகரிற் பாண்டிங், பெஸ்ட் என்பார், பேராசிரியர் மக்லியொட்டின் ஆய்வுகூடத்தில், கணையத்தினின்றும் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். கொலிப் என்னும் இரசாயன அறிஞர் அதனைத் தூய்மையாக்கினார். 1922 சனவரியில் 14 வயதுச் சிறுவனொருவனுக்கு அது முதன்முதலாக ஏற்றப்பட்டது. சாவின் வாயிலினின்றும் அவன் மீண்டான்.

ஆயின், உயிரைக் காக்கும் இம்மருந்தே அளவு மிகின் உயிரைக் கொல்லும். அளவு குறையின் குருதியிற் சீனி ஏறி மயக்கம் வரும். அளவு மிகின் சீனி வீழ்ந்து, வியர்வையும் நடுக்கமும் தோன்றி, அறிவு மங்கும். எனவே நோயாளிக்குக் கற்பித்தலும் மருத்துவத்தின் பாகமேயென முதலில் உணர்ந்தோருள் பொஸ்ரன் நகரத்து ஜொஸ்லின் ஒருவர். இன்சுலின் தோன்றுமுன்னரே, 1918இல், மருத்துவரும் நோயாளியும் ஒருங்கே பயிலத்தக்க கைந்நூலொன்றை அவர் வெளியிட்டார். இலண்டனில் லோறன்ஸ் என்னும் மருத்துவர், தாமே அந்நோயுற்று இன்சுலினால் உயிர் பிழைத்தவர். அவர் உணவுப் பங்கீட்டைக் கறுப்புப் பங்கு, சிவப்புப் பங்கு என இரு நிறங்களாக வகுத்தார். மாச்சத்து கறுப்பு, புரதமும் கொழுப்பும் சிவப்பு. இரசாயனம் கற்றறியாதாரும் நிறத்தை எண்ணி உண்ணலாமன்றோ? 1934இல் எழுத்தாளர் எச். ஜி. வெல்சுடன் கூடி நீரிழிவாளர் சங்கமொன்றையும் அவர் நிறுவினார்.

இத்துணை அக்கறை இருந்தும், ஒரு பெரும்பிழை நெடுங்காலம் நீடித்தது. பிரித்தானியாவில் ஒரு மில்லிலீற்றருக்கு 20, 40, 80 அலகு எனப் பல செறிவுகளில் இன்சுலின் விற்கப்பட்டது. சிரிஞ்சிலோ மில்லிலீற்றர் ஒன்றுக்கு 20 கோடுகளே இருந்தன. ஆகவே ஒரு கோடு, முதலாவது மருந்தில் ஓரலகும், இரண்டாவதில் ஈரலகும், மூன்றாவதில் நான்கலகும் ஆயிற்று. மருத்துவர் அலகிற் சொல்ல, நோயாளி கோட்டில் எண்ணினான். “இருபது” என்னும் ஒரே சொல் 20 அலகாகவும் 80 அலகாகவும் முடியக்கூடிய நிலைமை இது. குற்றம் நோயாளியின் அறிவிலன்று, அறிவுறுத்தலின் அமைப்பிலேயே இருந்தது. 1983இற் பிரித்தானியா 100 அலகுச் செறிவு ஒன்றனையே ஏற்று, ஒரு கோடு ஓரலகு என்னும் எளிய நெறியை நிலைநாட்டியது.

இந்தியாவில் 40 அலகு, 100 அலகு ஆகிய இருவகை மருந்துகளும் இன்றும் வழங்குகின்றன. சிவப்பு மூடியுடைய சிரிஞ்சு முன்னதற்கும், செம்மஞ்சள் மூடியுடையது பின்னதற்கும் உரியன. 100 அலகு மருந்தை 40 அலகுச் சிரிஞ்சில் 20ஆம் கோடுவரை எடுப்பவன், உண்மையில் 50 அலகை ஏற்றுகின்றான். இது இரண்டரை மடங்கு. மாறி எடுப்பின், 20 அலகுக்குப் பதிலாக 8 அலகே உடலிற் சேரும். இது மன்னாருக்குப் புறம்பான செய்தியன்று. 1983க்குப் பின் தலைமன்னார்க் கரையினின்றும் படகேறி இராமேசுவரத்தை அடைந்தோரும், மண்டபம் முகாமில் வாழ்ந்து திரும்பினோரும் பலர். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் புத்தளத்திற் குடிபுகுந்தனர். இடம்பெயர்வோன் கிளினிக் கொப்பியை இழக்கலாம்; மருந்தும் சிரிஞ்சும் மாறலாம். அப்போது அவனைக் காப்பது அவன் மனத்திற் பதிந்துள்ள விளக்கம் ஒன்றே.

மன்னார் மக்கள் அளவறியாதவர் என்று கூறுவார் உளராயின், அன்னார் இக்கரையின் வரலாற்றை அறியார். சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் முத்துக்குளிப்பு நிகழ்ந்த காலத்து, முத்துக்கள் பத்து வகைப் பித்தளைச் சல்லடைகளில் இட்டுச் சலிக்கப்பட்டுப் பருமன் வகுக்கப்பட்டன. மஞ்சாடி, கழஞ்சு என்னும் நிறைகளால் நிறுக்கப்பட்டன. ஏட்டுக் கல்வியில்லாதாரும் அந்நுண்ணிய அளவுகளைப் பிழையின்றிக் கையாண்டமைக்குக் காரணம், அளவு கண்ணாற் காணவும் கையாற் பற்றவும் கூடியதாய், சொந்த மொழியிற் பெயர் பெற்றிருந்தமையே. இன்சுலின் அளவும் அவ்வாறு அமையவேண்டும்.

இதற்கு வட மாகாணத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிற் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் கிறீன், முதலில் ஆங்கிலத்திலும் பின்னர் தமிழிலும் மாணவர்க்கு மருத்துவம் கற்பித்தார். “இரண வைத்தியம்” 1867இலும், “மனுஷ அங்காதிபாதம்” 1872இலும் வெளிவந்தன. கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் பெரும்பணியை அவர் மாணவருடன் சேர்ந்து நிறைவேற்றினார். ஆயினும் அவர் திறந்த வழி மருத்துவனுக்குரியது. அவ்வழி நோயாளியின் வாசல்வரை நீளவேண்டியது பிற்காலத்தார் கடமையாயிற்று. 1987இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. எனினும், மருந்துச் சீட்டிலே உரோமன் குறுக்கெழுத்துக்கள் எழுதும் உலகப் பொது வழக்கம் எளிதில் ஒழிவதன்று. அலகினைக் குறிக்க எழுதும் “யூ” என்னும் ஆங்கில எழுத்து, வேகத்தில் எழுதும்போது சுழியம் போல் தோற்றும். 10 அலகு 100 ஆகிவிடும் அபாயம் அதனால் உண்டு. ஆகையால் அச்சொல்லை முழுமையாக எழுதவேண்டுமென மருந்துப் பாதுகாப்பு அறிஞர் வற்புறுத்துகின்றனர். “10 அலகு” என்று தமிழில் எழுதுவதற்கு எத்துணை மை செலவாகும்?

இனி, காலம் பற்றியது. காலை உணவுக்கு முன், இரவு உணவுக்கு முன் என்று எழுதுதல் அலுவலகத்தானுக்குப் பொருந்தும். அந்தியில் வலையோடு கடலேகி விடியலிற் கரைசேரும் மீனவனுக்கு எது காலை, எது இரவு? கட்டுக்கரைக் குளத்து நீரில் வேளாண்மை செய்வோன், அறுவடைக் காலத்திற் கொள்ளும் உழைப்பு ஏனைய நாளினும் பன்மடங்கு. உழைப்பு மிகின் சீனி விரைந்து இறங்கும். றமழான் நோன்பாளரும், தவக்காலத்துக் கத்தோலிக்கரும், கந்தசஷ்டி விரதியரும் ஒருங்கு வாழும் நிலம் இது. ஆதலின் அறிவுறுத்தல் கடிகாரத்தை மட்டும் நோக்காது, அவனது நாளை நோக்கி எழுதப்படல் வேண்டும். விரதத்திற்கு முன்னரே மருத்துவரைக் கண்டு அளவை மாற்றிக்கொள்ளுமாறு அதிற் குறித்தலும், உண்ணவில்லை என்பதற்காகத் தானே ஊசியை நிறுத்திவிடலாகாது என எச்சரித்தலும் இன்றியமையாதன.

வெப்பமும் மன்னாருக்குரிய இடர். திறவாத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைத்தல் முறை, உறையவும் விடலாகாது. குளிர்ப்பெட்டி இல்லாத இல்லங்களில், உபயோகத்திலுள்ள குப்பியை நீர் ததும்பும் மட்பானைகளின் நடுவே நிழலில் வைத்தல் ஏழை நாடுகள் பலவற்றில் அறியப்பட்ட உபாயம். யுத்தகாலத்தில் மின்சாரம் இன்றி வாழ்ந்த மக்களுக்கு மட்பானையின் தண்மை புதிதன்று. தெரிந்த பொருளைக் கொண்டு தெரியாததைக் கற்பித்தலே ஆசிரியத் தொழிலின் அடிப்படையுமாகும்.

சுருங்கக் கூறின், நல்ல அறிவுறுத்தல் ஒரு தாளில் அடங்குவது; பெரிய எண்ணில் அளவைக் காட்டுவது; சிரிஞ்சின் படத்தில் எட்டவேண்டிய கோட்டை நிறந்தீட்டி உணர்த்துவது; வியர்வையும் நடுக்கமும் கண்டவுடன் சீனியோ பனங்கட்டியோ உண்ணுமாறு சொல்வது. அனைத்தினும் மேலாக, நோயாளி தானே மருந்தை அளந்து காட்டி, கேட்டதைத் தன் சொற்களிற் கூறிய பின்னரே அவனை வீட்டுக்கு அனுப்பவேண்டும். “விளங்கிற்றா?” என்னும் வினாவுக்கு “ஓம்” என்பது மரியாதைக்குரிய விடையேயன்றி விளக்கத்துக்குச் சான்றன்று. இதனை வகுப்பறையில் நின்ற எவரும் அறிவர்.

வீட்டில் முதியோரின் மருந்துச் சீட்டை வாசிப்பவர் பெரும்பாலும் பள்ளி மாணவரே. வள்ளுவர் கூறிய உழைச்செல்வானின் இடத்தில் இன்று நிற்பவர் அவர்களாதலின், அளவைப் பிழையறப் படிக்கவும் ஐயம் எழுந்தவிடத்துக் கேட்கவும் அவர்களைப் பழக்குதல், உயிர்காக்கும் கல்வியாகும் என்க.