ஜான்சி ராணிப் படையும் எமது கௌரவப் பட்டியலும்

படைச் சேவையில் சிறந்து விளங்கிய பழைய மாணவர்களுக்கு விருதளித்து, அவர்களின் பெயர்களை மண்டபச் சுவரில் பொறிக்கும் வழக்கம் உலகின் பல பல்கலைக்கழகங்களில் உண்டு. எமது சங்கத்தின் நூற்றாண்டில் யாரையெல்லாம் கௌரவிப்பது என்று பேசிக்கொண்டபோது, அந்த வழக்கம் எமக்கு நினைவுக்கு வந்தது. தோட்டத்துப் பெண்களுக்கும் படைச் சேவைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். தொடர்பு உண்டு. அதையே இங்கு எழுதுகிறோம்.

தெமோதரையில் புகையிரதம் ஏறி எல்ல, பண்டாரவளை கடந்தால் தியத்தலாவை. தென்னாபிரிக்காவில் பிடிபட்ட போயர் கைதிகள் ஏறத்தாழ 5,000 பேரை 1900இல் ஆங்கிலேயர் அடைத்து வைத்தது அங்கேதான். அதே ஆண்டில் தோட்டத் துரைமாரைக் கொண்டு ஒரு துப்பாக்கிப் படையும் இலங்கையில் அமைக்கப்பட்டது. ஐரோப்பியர் மட்டுமே அதில் சேர முடிந்தது. போயர் யுத்தத்துக்கும் முதலாம் உலக யுத்தத்துக்கும் போன அவர்களின் சேவை முறையாகப் பதிவாயிற்று. அந்த நாட்களில் பெரட்டுக்களத்தில் நின்று, மலையேறிக் கொழுந்து பறித்த எங்கள் பாட்டிமாரின் பெயர்கள் செக்ரோலில் மட்டுமே இருந்தன.

எங்கள் மூதாதையர் திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கமிருந்து மலையகம் வந்து சேர்ந்தனர். அதே பக்கத்து ஊர்களிலிருந்து வேறு பலர் கங்காணிமாருடன் கப்பலேறி மலாயாவின் இறப்பர் தோட்டங்களுக்குப் போயினர். கொழுந்துக்குப் பதில் அங்கே பால்வெட்டு. லயமும் கங்காணியும் அங்கும் இருந்தன. துப்பாக்கி ஏந்தியவர்கள் அந்தத் தோட்டங்களின் பெண்களே.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. 1943 ஜூலையில் அங்கு வந்த சுபாஷ் சந்திர போஸ், இந்திய தேசிய இராணுவத்தில் பெண்களுக்கெனத் தனிப்படை அமைக்கப்போவதாக அறிவித்தார். அதற்குத் தலைமையேற்றவர் டாக்டர் லட்சுமி. 1938இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1940இல் சிங்கப்பூர் சென்று, ஏழை இந்தியத் தொழிலாளருக்கு வைத்தியம் பார்த்துவந்தவர் அவர். 1943 ஒக்டோபர் 22இல் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. சேர்ந்தவர்களில் பலர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள்; எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அவர்களில் இருந்தனர். அணிவகுப்பு, துப்பாக்கிப் பயிற்சி, தாதியர் பயிற்சி எல்லாம் பெற்றனர். ஒரு பகுதியினர் பர்மா சென்று காயம்பட்ட வீரர்களைப் பராமரித்தனர். 1945இல் பின்வாங்கி வந்தபோது அவர்களின் ரயில் தாக்கப்பட்டதில் ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இருவர் உயிரிழந்தனர்.

கௌரவங்கள் காலந்தாழ்ந்தே வந்தன. கப்டன் லட்சுமிக்கு 1998இல் பத்மவிபூஷண் விருதும், 2010இல் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கௌரவ டாக்டர் பட்டமும் கிடைத்தன. கோலாலம்பூரில் வைரத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு 18 வயதில் படையில் சேர்ந்த ஜானகி, 2000இல் பத்மஸ்ரீ பெற்றார். ஈப்போவில் பிறந்த ராசம்மா, அக்கா பொன்னம்மாவுடன் சேர்ந்து 16 வயதில் சீருடை அணிந்தவர். யுத்தம் முடிந்ததும் மீண்டும் படித்து ஆசிரியையானார். 1960இல் மலாயாவில் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கி, ஆண் ஆசிரியருக்குச் சமமான சம்பளம் கேட்டுப் போராடினார். 1969 முதல் 1982 வரை கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பாடசாலையின் அதிபராக இருந்தார். ராசம்மா பூபாலன் என்றால் அங்குள்ள பழைய மாணவிகள் இன்றும் அறிவர்.

இவற்றை எழுதும்போது மறுபக்கத்தையும் நாம் மறைக்கக் கூடாது. அந்தப் படை யப்பானுடன் சேர்ந்து நின்றது. அதே யப்பான் 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசியது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரை சயாம் – பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோய்ச் சாகவிட்டதும் அதுவே. எமது நாட்டிலோ பல்லாண்டு யுத்தத்துக்குப் பின், படைச் சேவை என்ற சொல் எல்லா வீட்டிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. ஆகவே யுத்தத்தைப் புகழ நாம் இதை எழுதவில்லை. லயத்திலிருந்து வந்த ஒரு பெண், யாரும் எதிர்பாராத ஒரு பொறுப்பைத் தன் தோளில் ஏற்றாள் என்பதை நினைவுகூரவே எழுதுகிறோம்.

இதில் எமக்கொரு பாடம் உண்டு. விருதுகள் தேடிப்போன மூவரையும் பாருங்கள். ஒருவர் டாக்டர், ஒருவர் வசதியான வீட்டுப் பெண், ஒருவர் ஆசிரியை. மூவரும் படித்தவர்கள், தம் கதையைத் தாமே சொல்ல முடிந்தவர்கள். அவர்களோடு அதே வெயிலில் அணிவகுத்து, யுத்தம் முடிந்ததும் பால்வாளியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கே திரும்பிய பெண்களில் பெரும்பாலோரின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. சேவையில் அவர்கள் குறைந்தவர்கள் அல்லர்.

எங்கள் தோட்டங்களின் கதையும் இதுவே. 1948ஆம் ஆண்டுச் சட்டம் எங்கள் பெற்றோரில் பெரும்பாலோரைக் குடியுரிமை இல்லாதவர்களாக்கியபோது, பெயர் பதிவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அவர்கள் அனுபவித்தே அறிந்தனர். எழுத்தறியாத அந்தத் தாய்மார்தான் எம்மைப் பாடசாலைக்கு அனுப்பி எழுதக் கற்கவைத்தார்கள்.

எனவே எமது நூற்றாண்டுக் கௌரவப் பட்டியலில் பட்டம் பெற்றவர்களும் பதவி வகித்தவர்களும் மட்டும் இருந்தால் போதாது. தோட்டத்து மருத்துவிச்சியாக இரவில் மழையில் நடந்தவரும், பிள்ளைக் காம்பராவில் நூறு பிள்ளைகளை வளர்த்தவரும், தங்கைமார் படிப்பதற்காகத் தன் படிப்பை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திக் கொழுந்துக் கூடையை எடுத்தவரும் அதில் இடம்பெற வேண்டும். எந்த நாட்டில் வாழ்ந்தாலும், உங்கள் வகுப்பில் உங்களுக்குப் பக்கத்தில் இருந்த ஒருத்தியின் பெயரையும், அவர் செய்ததையும் எமக்கு எழுதி அனுப்புங்கள். நாம் பதிந்து வைப்போம்.