திண்ணை இருந்த வீடுகள்

1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-ல் ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியதும் வீடுகள் மறுபடி எழுந்தன. கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளைக்காரர் உயர்ந்த மதில் எழுப்பிக் கட்டினார்கள். மேற்கே நம்மவர் தெருவைப் பார்த்துத் தாழ்வாரமும் திண்ணையும் வைத்தார்கள். தாழ்வாரம் வழிப்போக்கருக்கு நிழல். திண்ணை களைத்தவருக்கு இருக்கை. பிரெஞ்சில் படித்த நாங்களும் திண்ணையைத் திண்ணை என்றுதான் சொன்னோம்.

இன்று மிஞ்சிய வீடுகள் சிலவற்றைப் பழுதுபார்த்து வர்ணம் பூசுகிறார்கள். நல்லதுதான். ஆனால் பல திண்ணைகளுக்குக் கம்பிக்கதவு போட்டாயிற்று. முதுகு சாய்ந்து எண்ணெய்க்கறை ஏறிய தூணையும் தேய்த்துக் கழுவிவிட்டார்கள். அங்கே மனிதர் வாழ்ந்ததற்கு அந்தக் கறைதானே அடையாளம்? உங்கள் வீட்டில் திண்ணை இருந்தால், மாலையில் ஒரு மணி நேரமாவது கதவைத் திறந்து வையுங்கள். யாராவது வந்து உட்காருவார்கள்.