1836-ல் போன மதிலும் என் கேமராவின் வைஃபையும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் மூன்று நாள் என் கேமராவும் கம்ப்யூட்டரும் ஒன்றோடொன்று பேச மறுத்துவிட்டன. வைஃபை வழியாகப் படங்களை அனுப்பும் வசதி உள்ள கேமரா அது. மகள் வாங்கிக் கொடுத்தது. நான்கு மாதம் ஒழுங்காக வேலை செய்தது. வீட்டு ரௌட்டரை மாற்றிய பிறகு "இணைக்க முடியவில்லை" என்ற ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் காட்டியது.

"இதற்கா ஒரு பதிவு?" என்று கேட்பீர்கள். கேமராவுக்குள் இருந்தவை 212 படங்கள். ஆலத்தூர் பக்கம் ஒரு சிறிய சிவன் கோயிலின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டு எழுத்துகள். அடுத்த வாரம் அங்கே திருப்பணி தொடங்குகிறது. ஊர்க்காரர்கள் நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் சுத்தம் செய்கிறேன் என்று கல்லைச் சுரண்டியும், மேலே சிமெண்ட் பூசியும் எழுத்து அழிந்த கோயில்களை நம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் நான் பார்த்திருக்கிறேன். அதனால் முன்கூட்டியே இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாக எடுத்த படங்கள் அவை.

எனக்கு ஒரு பழைய காயமும் உண்டு. 2009-ல் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சாத்தனூர் கல்மரம் பார்க்கப் போனோம். 1940-ல் புவியியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் உலகுக்குச் சொன்ன, 18 மீட்டர் நீளமுள்ள அந்த மரம்தான். திரும்பும் வழியில் ஒரு ஏரி மதகருகே எழுத்துள்ள கல் ஒன்றைப் பார்த்துப் படம் எடுத்தேன். அந்தக் கேமராவின் கேபிள் தொலைந்துபோனது. "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று கார்டை அலமாரியில் வைத்தேன். பல வருடம் கழித்துப் போட்டால் கார்டு திறக்கவில்லை. அதற்குள் சாலையை அகலப்படுத்திவிட்டார்கள். கல்லும் இல்லை, படமும் இல்லை. அதில் என்ன எழுதியிருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நான் கவனமாக இருந்திருந்தால் சொல்லியிருக்கலாம்.

இதைவிடப் பெரிய இழப்பு நம் மண்ணில் நடந்திருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரம் எல்லோருக்கும் தெரியும். முதலாம் ராஜேந்திர சோழன் கட்டிய தலைநகரம். 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோயில். ஆனால் 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது அந்தக் கோயிலின் மதில் கல்லையும் திருச்சுற்று மண்டபக் கல்லையும் பெயர்த்து எடுத்துப்போனார்கள். ஊர் மக்கள் தடுத்திருக்கிறார்கள். பதிலுக்குச் செங்கல் சுவர் கட்டித் தருவதாகச் சொன்னார்களாம். அதுவும் சரியாக நடக்கவில்லை. அணைக்கரைப் பாலத்தில் பேருந்து போகும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வரும். அணையால் டெல்டா பிழைத்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் போன கல்லில் எழுத்து இருந்ததா, இருந்தால் என்ன எழுத்து?

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் கொடுத்த விளக்கு வரை கல்லில் எழுதி வைத்திருக்கிறான். கங்கைகொண்ட சோழபுரத்திலோ இன்று கிடைத்திருக்கும் கல்வெட்டுகளில் மூத்தது வீரராஜேந்திரன் காலத்தது. கட்டிய ராஜேந்திரனின் கல்வெட்டு அந்தக் கோயிலில் நம் கைக்கு வரவில்லை.

இப்போது ஒரு கணக்குப் பாருங்கள். கல் பெயர்த்தது 1836. பிரான்சில் டாகேர் தம் புகைப்பட முறையை உலகுக்கு அறிவித்தது 1839. மூன்றே ஆண்டு. அந்த மதில் நின்ற கோலத்தை ஒரு புகைப்படத்தில்கூட நாம் பார்க்க முடியாது.

அதன்பிறகு 22 ஆண்டில் தஞ்சைக்கு அந்த பாக்கியம் கிடைத்தது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1858-ல் பெரிய கோயில் விமானத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை எடுத்தார். 21 படங்களை ஒட்டினால் 19 அடிக்கு மேல் நீளும் ஒரே படம். காகித நெகட்டிவ், ரசாயனப் புட்டிகள், பெரிய பெட்டிக் கேமரா எல்லாவற்றையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போன காலம். 1886-ல் ஹூல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளர் ஆனார். ஈரக் காகிதத்தைக் கல்லின் மேல் ஒட்டி, பிரஷால் தட்டி, மை தடவி எடுக்கும் மைப்படி வேலை அவர் காலத்தில் முறையாக நடந்தது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி 1890-ல் வெளிவந்தது. அந்த அலுவலகம் பிறகு ஊட்டிக்கும், அங்கிருந்து மைசூருக்கும் போனது. மைப்படிகளும் கூடவே போயின. தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லி 2021-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது.

ஆக, படியெடுப்பது பாதி வேலைதான். எடுத்த படி பத்திரமான இடத்துக்குப் போய்ச் சேருவது மீதி பாதி. என் கேமரா முரண்டு பிடித்தது இந்த மீதிப் பாதியில்தான்.

படத்தைக் கம்பியில்லாமல் அனுப்பும் ஆசை புதிதல்ல. 1924-லேயே ரிச்சர்ட் ரேஞ்சர் என்பவர் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ரேடியோ அலையில் படம் அனுப்பினார். 1975-ல் கோடாக் கம்பெனியில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். ஒரு படம் கேசட்டில் பதிவாக 23 விநாடி ஆனது. 1997-ல் வைஃபைக்கான முதல் பொது விதிமுறை வந்தது. 2005-ல் நிக்கானும் கோடாக்கும் வைஃபை உள்ள கேமராக்களைக் கடைக்குக் கொண்டுவந்தன.

அதே 2005 ஜனவரியில்தான் நம் அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த சக்தியுள்ள கருவிகளை வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டாம் என்று விதி செய்தது. ஒரு காலத்தில் ரேடியோ பெட்டிக்கே தபால் ஆபீஸில் லைசென்ஸ் கட்டியவர்கள் நாம். இன்று வீட்டுக்கு வீடு ஒரு ரேடியோ நிலையம் இருக்கிறது. ரௌட்டர் அதுதானே?

இந்த 2.4 என்ற எண்ணில்தான் என் பிரச்சினையின் முதல் முடிச்சு இருந்தது. நானும் மூன்று நாள் ஆன் செய்தேன், ஆஃப் செய்தேன், பாஸ்வேர்டை மாற்றினேன். கடைசியில் துறைமங்கலத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவனைக் கூப்பிட்டேன். வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி: "சார், படத்துக்கு வேற காப்பி இருக்கா?"

இல்லை என்றேன். "அப்ப முதல்ல கார்டைக் கழட்டுங்க சார்." பையிலிருந்து ஒரு சின்ன கார்டு ரீடரை எடுத்தான். பத்து நிமிடத்தில் 212 படமும் கம்ப்யூட்டரில் இருந்தன. என் லேப்டாப்பில் கார்டு போடும் இடம் பழுது. 300 ரூபாய்க்கு ஒரு ரீடர் வாங்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முதல் நாள் இரவு கோபத்தில் கேமராவில் ஒவ்வொரு மெனுவாகத் தட்டிக்கொண்டிருந்தேன். "கார்டை ஃபார்மட் செய்யவா?" என்று அது கேட்டது. வைஃபையைச் சரி செய்யும் கேள்வி என்று நினைத்து "சரி" வரை விரல் போய்விட்டது. இதை அவனிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை.

அதன்பிறகுதான் கோளாறைப் பார்த்தான். யாருக்காவது உதவும் என்று வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்று. புது ரௌட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் ஒரே பெயரில் தருகிறது. என் கேமராவுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். பல கேமராக்கள் அப்படித்தான். ரௌட்டரின் செட்டிங்கில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தான். கேமரா உடனே வீட்டு வைஃபையில் சேர்ந்தது. மைக்ரோவேவ் அடுப்பும் இதே 2.4 பக்கத்தில்தான் வேலை செய்கிறது. அது ஓடும்போது இணைப்பு தடுமாறலாம் என்றான்.

இரண்டு. கேமரா சேர்ந்தும் கம்ப்யூட்டர் அதைப் பார்க்கவில்லை. ரௌட்டர் மாறியதும் விண்டோஸ் அதைப் புது இடம் என்று நினைத்து, ரயில்வே ஸ்டேஷன் வைஃபை மாதிரி "பொது நெட்வொர்க்" என்று வைத்துவிட்டது. பொது இடத்தில் முன்பின் தெரியாத கருவியை ஃபயர்வால் உள்ளே விடாது. "தனியார் நெட்வொர்க்" என்று மாற்றியதும் கேமராவின் பெயர் திரையில் வந்தது. இது சொந்த வீட்டு வைஃபைக்கு மட்டும். வெளியிடத்தில் இப்படி மாற்றக் கூடாது. வீட்டிலும் விருந்தினருக்கென்று தனி வைஃபை இருந்தால் அதில் கேமராவைச் சேர்க்கக் கூடாது. அதில் ஒரு கருவியை மற்றொன்று பார்க்க முடியாதபடி தடுத்து வைத்திருப்பார்கள்.

மூன்று. பெயர் வந்தும் கைகுலுக்கவில்லை. கேமராவும் கம்ப்யூட்டரும் படம் பரிமாறிக்கொள்ள ஒரு பொதுமொழி உண்டு. 2000-ல் விதியாக வந்து, 2005-ல் வயர்லெஸுக்கும் விரிந்தது. பேசத் தொடங்கும் முன் இருவரும் "நீ யார்?" என்று ஒருவரையொருவர் பதிவு செய்துகொள்கிறார்கள். பழைய பதிவு இரண்டு பக்கமும் சிக்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் மட்டும் அழித்தால் போதாது. இரண்டிலும் அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்தான். வேலை முடிந்தது.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னான். "வைஃபையை மட்டும் நம்பாதீங்க சார்." அதற்கு ஒரு வரலாறு உண்டு. 2007-ல் ஐ-ஃபை என்று ஒரு மெமரி கார்டு அமெரிக்காவில் வந்தது. சாதாரண கேமராவில் போட்டாலும் படத்தை வைஃபையில் அனுப்பும். உலகமே வியந்தது. 2016-ல் அந்தக் கம்பெனி தன் பழைய கார்டுகளுக்கான சேவையை நிறுத்துவதாக அறிவித்தது. கார்டு கெடவில்லை. அதற்குப் பதில் சொல்ல மறுமுனையில் ஆள் இல்லை, அவ்வளவுதான். ஒன்பது ஆண்டில் முடிந்த கதை.

கல்லில் எழுதியவன் ஆயிரம் ஆண்டுக்கு எழுதினான். நாம் அதைப் படமெடுத்து, பத்து ஆண்டு தாங்காத பெட்டிக்குள் வைக்கிறோம். அதனால் ஒரு பெட்டி போதாது. அந்த 212 படங்கள் இப்போது நான்கு இடத்தில் இருக்கின்றன: என் கம்ப்யூட்டரில், ஒரு ஹார்ட் டிஸ்கில், மகளிடத்தில், அந்த ஊர்த் தர்மகர்த்தாவின் பென்டிரைவில். ஒவ்வொரு படமும் கோயிலின் எந்தப் பக்கம், எத்தனையாவது கல் என்று ஒரு நோட்டில் எழுதி அதன் ஜெராக்ஸையும் கொடுத்திருக்கிறேன். பென்டிரைவை வாங்கிய தர்மகர்த்தா, "ஐயா, திருப்பணி ஆளுங்க இந்தப் பக்கம் கை வைக்காம நான் பார்த்துக்கிறேன்" என்றார். இதில் இவ்வளவு எழுத்து இருக்கிறதென்று அவருக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

உங்கள் ஊரிலும் திருப்பணியோ சாலை வேலையோ வரப்போகிறதென்றால், போய்ப் பாருங்கள். எழுத்துள்ள கல் இருந்தால் செல்போனிலாவது எடுங்கள். காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயிலில் எடுத்தால் எழுத்து நன்றாகத் தெரியும். எடுத்த அன்றைக்கே இன்னொருவருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.

அந்த ஏரி மதகுக் கல்லுக்கு நான் இதைச் செய்யவில்லை.